மூக்கணாங்கயிறு யார் கையில்?

(வெள்ளகோவிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளகோவிலுக்கு வந்து தறியைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் போகிறவன், ஊரைப் பார்க்காமல் போகிறவன். ஆகவே தறியில் தொடங்குகிறேன், கணினிக்குச் செல்கிறேன். தறிக்கும் கணினிக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு என்று எண்ணுவீர்கள். உண்டு. கேளுங்கள்.

கூலிக்கு நெய்கின்ற விசைத்தறியாளரின் நிலை நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதன்று. கொட்டகை அவருடையது. தறி அவருடையது. மின்கட்டணம் அவர் பெயருக்கு வருகிறது. இரவெல்லாம் கண்விழித்து அறுந்த இழையை முடிபவரும் அவரே, அவருடைய மனைவியே, மக்களே. ஆனால் பாவும் நூலும் எவரிடமிருந்து வருகின்றன? ஜவுளி உற்பத்தியாளரிடமிருந்து! எந்த ரகம் ஓட வேண்டும் என்பது அங்கே முடிவாகிறது. மீட்டருக்கு என்ன கூலி என்பது அங்கே முடிவாகிறது. அடுத்த பாவு வருமா, வராதா என்பதும் அங்கேதான் முடிவாகிறது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பேசிய கூலி கைக்கு வரவில்லை என்று கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகளை நிறுத்திப் போராடினார்களே, வாரக்கணக்கில் கொட்டகைகள் ஊமையாய்க் கிடந்தனவே, அப்போது நாடு கண்டது என்ன? எந்திரத்துக்குச் சொந்தக்காரன் ஆகிவிடலாம். எசமானன் ஆவது வேறு!

அதே கதை உங்கள் வீட்டு அட்டாலியில் தூசு படிந்து கிடக்கிறது. நான் சொல்வது, பள்ளிக்கூடத்தில் உங்கள் பிள்ளைக்குக் கொடுத்தார்களே, அந்த மடிக்கணினியை.

2011 செப்டம்பர் 15ஆம் நாள் திருவள்ளூர் மாவட்டத்தில் அந்தத் திட்டம் தொடங்கிற்று. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் கொடுத்தார்கள். பத்தாண்டுக்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் தமிழகத்து வீடுகளுக்குள் நுழைந்தன. கொடுத்த ஆட்சி எது, கொடுத்ததன் நோக்கம் யாது, அதனால் யாருக்கு எத்தனை ஓட்டு என்ற வழக்கை வேறு மேடையில் பேசிக்கொள்ளலாம். இன்று அதற்கு நேரமில்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: அது எவருடைய சட்டைப்பையிலிருந்தும் வந்த பணமன்று. பருத்தி விற்றவரும் பருப்பு வாங்கியவரும் கட்டிய வரி. ஆகவே அந்தக் கணினி குப்பைக்குப் போனால், குப்பைக்குப் போவது நம் காசு.

அது ஏன் அட்டாலிக்குப் போயிற்று? ஓடிக்கொண்டிருந்த எந்திரம் ஒருநாள் மெல்ல நடந்தது, பிறகு தவழ்ந்தது, பிறகு, "உங்கள் இயங்குதளத்துக்கு இனி ஆதரவு இல்லை" என்று திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. பழுது பார்க்கும் கடைக்குத் தூக்கிச் சென்றால், "அக்கா, இது பழைய மாடலுங்க. இதுக்குப் புதுசு ஏறாதுங்க. எடைக்குத்தான் போகும்" என்கிறார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததைச் சொல்கிறார். விண்டோஸ் 7க்கு அளித்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2020 ஜனவரி 14இல் நிறுத்திற்று. விண்டோஸ் 8.1க்கு 2023 ஜனவரி 10. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14. அடுத்ததான விண்டோஸ் 11, அந்நிறுவனம் குறிப்பிடும் புதிய நுண்செயலியும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் இருந்தால்தான் காலெடுத்து வைக்கும். இல்லையேல் வாசலோடு நிற்கும்.

இங்கே ஒரு வினாவைக் கேட்டாக வேண்டும். செத்தது எது? விசைப்பலகை செத்ததா? திரை செத்ததா? நுண்செயலி செத்ததா? எதுவும் சாகவில்லை! கடல் கடந்த ஒரு நிறுவனத்தின் நாட்காட்டியில் ஒரு தேதி கிழிந்தது. அதற்காக வெள்ளகோவிலில் ஒரு கணினிக்குக் கருமாதி! விலை போகாத தறியைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்த கொங்கு நாட்டுக்காரர்களுக்கு அந்த வலி தெரியும். தறிக்காவது சந்தை இல்லை என்று ஒரு காரணம் இருந்தது. இதற்கு அதுவும் இல்லை.

இயங்குதளம் என்பது யாது? பக்கத்தில் காங்கேயம் இருக்கும்போது நான் வேறு உவமை தேடுவானேன்? காங்கேயம் காளைக்கு வலு உண்டு, திமில் உண்டு, கொம்பு உண்டு. ஆயினும் ஏரில் பூட்ட, வண்டியில் பூட்ட, மூக்கணாங்கயிறு வேண்டும். கணினி காளை, இயங்குதளம் மூக்கணாங்கயிறு. எழுத்தைத் தட்டினால் திரையில் காட்டு, பாட்டைக் கேட்டால் ஒலிபெருக்கிக்கு அனுப்பு, கடிதத்தைச் சேமி என்று எந்திரத்தை ஏவுகிற மென்பொருள் அது. காளையை நாம் விலை கொடுத்து வாங்கினோம். கயிற்றின் மறுமுனை எவன் கையில் என்று பார்க்க மறந்தோம்.

அந்த முனையை எப்படிப் பிடித்திருந்தார்கள் என்பதற்கு ஒரு சான்று. மலிவு விலைக் கணினிகளுக்கென்றே விண்டோஸ் 7இல் ஸ்டார்ட்டர் என்றொரு பதிப்பு வந்தது. அதில் திரையின் பின்னணிப் படத்தைப் பயனர் மாற்ற முடியாது. ஆம், தோழர்களே! காசு கொடுத்தவன் தன் திரையில் தன் பிள்ளையின் படத்தை ஒட்டிக்கொள்ள இயலாது. எந்திரத்தால் இயலாமையா? இல்லை. மலிவாக வாங்கியவனுக்கு அவ்வளவுதான் என்று ஒருவர் முடிவு செய்தார். வேண்டுமானால் மேலும் காசு கட்டு என்றார்.

வேறு கயிறு இல்லையா? உண்டு. ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் 1983இல், எவரும் பயன்படுத்தலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம் என்ற உரிமைகளோடு ஓர் இயங்குதளத்தை உருவாக்கப் போவதாக அறிவித்தார். அதற்கு குனு என்று பெயர். 1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், அதன் நடுநாயகமாக அமையத்தக்க கருநிரலை எழுதினார், அது லினக்ஸ். இரண்டும் இணைந்தன. இன்று உலகத்தின் பெருங்கணினிகளும், இணையத்தைத் தாங்கும் வழங்கிகளும், உங்கள் மடியில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியும் அந்தக் கருநிரலின்மேல்தான் ஓடுகின்றன. "லினக்ஸா? நாங்கள் கண்டதில்லையே" என்பவர்கள், காலையிலிருந்து அதைத்தான் தடவிக்கொண்டிருக்கிறார்கள்!

நம் நாட்டிலும் ஒன்று செய்தார்கள். சிடாக் என்னும் நடுவண் அரசு நிறுவனத்தின் சென்னைப் பிரிவு, டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடித்தளமாகக் கொண்டு பாஸ் என்ற இயங்குதளத்தை 2007இல் வெளியிட்டது. தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் இயங்கும்படி அமைத்தது. அதற்கு முன்னரே, 2006ஐ ஒட்டி, தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளில் சுசே என்ற லினக்ஸை ஏற்றிக் காட்டியது. வழி தெரியாமல் நாம் திகைக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது வருந்தத்தக்க செய்திக்கு வருகிறேன். நம் பிள்ளைகளுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் இயங்குதளமும் சேர்த்தே வந்தது! பொத்தானை அழுத்தியதும் "இதுவா, அதுவா?" என்று திரை கேட்டது. கேட்ட கேள்விக்குப் பிள்ளை யாரிடம் போய் விடை கேட்கும்? ஆசிரியருக்குச் சொல்லித்தரவில்லை. பாடநூலில் இடமில்லை. தேர்வில் வினா இல்லை. தெரிந்ததைத் தொட்டார்கள், தெரியாததைத் தாண்டினார்கள். பாஸுக்கு ஒதுக்கிய இடத்தையும் அழித்துப் படம் சேமித்துக்கொண்டவர்கள் ஏராளம். பிள்ளைகள்மேல் குற்றமில்லை. இரண்டு கயிறு கொடுத்து, ஒன்றைப் பிடிக்க மட்டும் பழக்கினால், மற்றது அறுந்துதான் போகும்.

பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் பாருங்கள். கேரளத்தில் 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் பள்ளிக் கணினிகளை முழுமையாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றினார்கள். ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பாடநூலை அதற்கேற்ப எழுதினார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வையே அதில் நடத்தினார்கள். திட்டம் 2017இல் கைட் என்ற அரசு நிறுவனமாயிற்று. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் தங்கள் லினக்ஸ் பதிப்பை ஏற்றுவதால் மிச்சமாகும் உரிமத் தொகை 3000 கோடி ரூபாய் என்று 2019இல் கணக்குச் சொன்னார்கள். அந்தக் கணக்கில் நூறு கோடி கூடக் குறைய இருக்கலாம் என்று வாதிடுவோர் வாதிடட்டும். மலையாளத்துப் பிள்ளைக்கு வந்த பழக்கம் தமிழ்ப் பிள்ளைக்கு வாராதா?

எதிர்வாதம் உண்டு. மறைக்க மாட்டேன். "ஜெர்மனியில் மியூனிக் நகராட்சி லினக்ஸுக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டதே, தெரியுமா?" என்பார்கள். தெரியும். ஏறத்தாழ 15,000 கணினிகளைப் பல ஆண்டு உழைத்து மாற்றினார்கள். நகர்மன்றத்தில் தலைமை மாறிற்று. 2017இல் விண்டோஸுக்குத் திரும்ப முடிவெடுத்தார்கள். அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம், தன் அலுவலகங்களின் ஏறத்தாழ 30,000 கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றப்போவதாக 2024இல் அறிவித்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமல்லவா? பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்குவது வாதமாகாது.

"நமக்கு எதற்கு இந்த வம்பு? விண்டோஸ்தான் நன்றாக ஓடுகிறதே" என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2025 ஜூலையில், குஜராத்தில் வாடினார் என்ற இடத்தில் பெரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா நிறுவனத்துக்கு, ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடையைக் காட்டி, மைக்ரோசாஃப்ட் தன் சேவையை நிறுத்திற்று. காசு கட்டியிருந்தார்கள். ஒப்பந்தம் இருந்தது. ஆயினும் ஊழியர்களின் மின்னஞ்சல் அடைபட்டது. நிறுவனம் டெல்லி உயர்நீதிமன்றத்துக்கு ஓடிற்று. சில நாட்களில் சேவை திரும்பிற்று. பணம் படைத்த எண்ணெய் நிறுவனத்துக்கு உயர்நீதிமன்றம் உண்டு. முருங்கைக்காய் விற்ற காசில் பிள்ளையைப் படிக்க வைப்பவருக்கு எந்த நீதிமன்றம்?

கோபப்பட்டால் கணினி ஓடாது. ஆகவே வேலைக்கு வருவோம். இனிச் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். தாள் இல்லாதவர்கள் பக்கத்திலிருப்பவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதற்கண், எதைத் தொடக்கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் மில்லில், நூல் கடையில் டாலி கணக்கு எழுதும் கணினியில் கை வைக்காதீர்கள். டாலி விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது. ஆடிட்டர் கேட்கும் நாளில் கணக்குத் திறக்கவில்லை என்றால், என்னைத் தேடி வருவீர்கள். நான் ஊரில் இருக்கமாட்டேன். நான் பேசுவது அட்டாலியில் கிடப்பதைப் பற்றி, பிள்ளை படிப்பதற்கும் கடிதம் எழுதுவதற்கும் இணையம் பார்ப்பதற்கும் ஆனதைப் பற்றி.

கணினியை இறக்கித் துடையுங்கள். சார்ஜரைத் தேடி எடுங்கள். உள்ளே பழைய புகைப்படம், மதிப்பெண் பட்டியலின் படி, திருமணப் படம் எது இருந்தாலும் வேறொரு தட்டில் படியெடுத்து வைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது. அழிந்த கல்யாணப் படத்தை எந்தச் சித்தாந்தமும் மீட்டுத் தராது.

அடுத்து, எந்த லினக்ஸ் என்பது. வகைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. சந்தையில் சேலை எடுப்பதுபோல் நாள்முழுதும் நின்றுவிடாதீர்கள். பழைய கணினிகளில் நினைவகம் 2 ஜிபி அல்லது 4 ஜிபி இருக்கும். அதற்கு இலகுவான முகப்பு வேண்டும். எல்எக்ஸ்க்யூடி முகப்புடைய லுபுண்டு, அல்லது அதே முகப்போடு டெபியன், 2 ஜிபிக்குப் பொருந்தும். 4 ஜிபி இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ முகப்புடைய லினக்ஸ் மின்ட் இன்னும் வசதி. பாஸ் பழகியவர்கள் அதன் புதிய பதிப்பையே ஏற்றிப் பார்க்கலாம். நுண்செயலி 64 பிட் வகையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, பழைய 32 பிட் எந்திரங்களில் புதிதாக நிறுவுவதைக் கைவிட்டுவிட்டது. அத்தகைய எந்திரத்துக்கு டெபியன் 12.

அந்த அமைப்பின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் ஐஎஸ்ஓ கோப்பைத் தரவிறக்குங்கள். காசு கேட்டால் அது வேறெவனோ விரித்த வலை. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். விண்டோஸ் ஓடும் எந்தக் கணினியிலும் ரூஃபஸ் என்ற சிறு மென்பொருளைக் கொண்டு அந்தக் கோப்பைப் பென்டிரைவில் எழுதலாம். சாதாரணமாகப் படியெடுத்துப் போட்டால் ஆகாது. இங்கேதான் பலர் இடறுகிறார்கள். பென்டிரைவில் முன்னிருந்தவை அனைத்தும் அழியும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பென்டிரைவைச் சொருகி, கணினியை அணைத்து, மீண்டும் இயக்குங்கள். முதல் நொடிகளிலேயே எஃப்12 விசையைத் தட்டிக்கொண்டிருங்கள். சில எந்திரங்களில் எஃப்9, சிலவற்றில் எஸ்கேப். எதிலிருந்து தொடங்க என்று பட்டியல் வரும், பென்டிரைவைக் காட்டுங்கள். லுபுண்டுவும் மின்ட்டும் தட்டில் ஒரு எழுத்தையும் மாற்றாமல் பென்டிரைவிலிருந்தே ஓடிக் காட்டும். பெண் பார்க்கும் படலம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, தொடுபலகை நகர்கிறதா, கேமரா திறக்கிறதா என்று எல்லாம் சோதித்துப் பாருங்கள். சில கணினிகளின் வைஃபைச் சில்லு உடனே பேசாது. அப்படியானால் கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து இணையம் கொடுத்து, அதற்குரிய இயக்கியை ஏற்ற வேண்டியிருக்கும்.

பிடித்திருந்தால் நிறுவுக என்ற குறியைச் சொடுக்குங்கள். மொழி கேட்கும். தமிழையும் தேர்ந்தெடுக்கலாம். பின்னர் வரும் ஒரு திரையில்தான் நீங்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு படிக்க வேண்டும். "இருக்கும் விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவவா? அல்லது வட்டு முழுவதையும் அழித்து நிறுவவா?" என்று கேட்கும். மனம் துணியாதவர்கள் முன்னதைத் தேர்க; இரண்டும் இருக்கும். விண்டோஸே ஓடாத கணினி என்றால் பின்னதே சிறந்தது. இந்த வினாவுக்கு அவசரப்பட்டு விடையளித்துவிட்டு, "லினக்ஸ் என் கோப்பையெல்லாம் தின்றுவிட்டது" என்று ஊரெல்லாம் சொல்பவர்கள் உண்டு.

மற்றொன்றும் உண்டு, எந்தக் கையேட்டிலும் இதற்கு இத்தனை அழுத்தம் தரமாட்டார்கள். உங்கள் பழைய கணினியின் மின்கலம் செத்திருக்கும். நிறுவல் நடுவில் மின்சாரம் போனால், பாதியில் நின்ற எழுத்தோடு தட்டு குழம்பும். ஆகவே மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை என்று நாளிதழில் போட்ட நாளில் தொடங்காதீர்கள்.

முடிந்ததா? எழுதுவதற்கு லிப்ரே ஆபிஸ் இருக்கிறது. பார்ப்பதற்கு ஃபயர்ஃபாக்ஸ் இருக்கிறது. இரண்டு மூன்று பக்கங்களைத் திறந்து வைத்தால் 2 ஜிபி எந்திரம் தாராளமாய் நடக்கும். இருபது பக்கங்களைத் திறந்தால் மூச்சு வாங்கும். காசு கொஞ்சம் செலவிட முடியுமானால், சுழலும் பழைய வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்துங்கள். திருகாணி கழற்றத் தெரிந்தவருக்கு அரைமணி வேலை. கணினிக்கு வயது குறைந்ததோ என்று ஐயுறுவீர்கள்.

தமிழ்த் தட்டச்சு பற்றிப் பலர் கேட்கிறீர்கள். 1999இல் சென்னையில் கூடிய தமிழ்இணைய மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் உண்டு. ஐபஸ் என்ற உள்ளீட்டு அமைப்பைத் திறந்து சேர்த்துக்கொள்ள வேண்டும். கோவையில் 2010 ஜூனில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டின்போதே தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றுவிட்டது. ஆகவே ஒருங்குறியில் எழுதிய எதுவும் இங்கே திறக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் எழுதிய அழைப்பிதழும் விண்ணப்பமும் மட்டும் கோணல்மாணலாய்த் தெரியும். அதற்கு மாற்றி உண்டு, பயப்பட வேண்டாம். சந்தேகங்களைத் தமிழிலேயே படித்துத் தெளிய விரும்புவோர், 2012 முதல் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதிவரும் கணியம் தளத்தைப் பார்க்கலாம்.

ஆட்சியில் இருப்போரிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டாண்டில் மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவித்து, 2026 ஜனவரியில் வழங்கத் தொடங்கினார்கள். நல்லது, மகிழ்ச்சி. ஆனால் கணினியைக் கொடுக்கும் மேடையிலேயே, அதன் கயிற்றைப் பிடிக்கவும் கற்றுக்கொடுங்கள் என்று கேளுங்கள். ஒவ்வொரு கல்லூரியிலும் கட்டற்ற இயங்குதளத்துக்கு ஒரு பயிற்சி, ஒவ்வோர் ஒன்றியத்திலும் பழைய மடிக்கணினிக்கு மறுவாழ்வு தரும் ஒரு மேசை, ஒரு பயிற்றுநர். பெரிய செலவா இது? உங்கள் சட்டமன்ற உறுப்பினர் குறைகேட்க வரும்போது, சாக்கடைக்கும் சாலைக்கும் கொடுக்கும் மனுவோடு இதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவர் எந்தக் கட்சியாயினும் சரி.

லுபுண்டு ஒன்றும் மின்ட் ஒன்றும் டெபியன் 12 ஒன்றுமாக எழுதிய மூன்று பென்டிரைவ்கள் என் பையில் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் மேடையின் இடப்பக்கம் மேசை போடச் சொல்லியிருக்கிறேன். கணினியோடு சார்ஜரும் கொண்டுவந்தவர்கள் முதலில் வாருங்கள். கொண்டுவராதவர்கள் வீட்டுக்குப் போய் அட்டாலியில் ஏறி இறக்கி எடுத்து வாருங்கள். கடைசிப் பேருந்து வரை நான் இங்கேதான் இருப்பேன்.